வரைபடத்திலிருந்து வினைவேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேதிவினை வேகவியல் படிக்கத் தொடங்கும் மாணவர்களிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, "40-ஆவது வினாடியில் இந்த வினையின் வேகம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் 40 வினாடிக்கு நேராக 40 மி.லி. வாயு என்று இருக்கிறது. 40-ஐ 40-ஆல் வகுத்து, வினாடிக்கு 1 மி.லி. என்று பலரும் எழுதிவிடுவார்கள். வகுத்தது சரிதான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை. சரியான விடை வினாடிக்கு 0.69 மி.லி. இந்த இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்பது பிடிபட்டுவிட்டால், வினைவேக வரைபடங்களில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.

ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல உதாரணம். தானாக விட்டால் அது மிக மெதுவாகத்தான் சிதையும். கறுப்புத் தூளான மாங்கனீசு டை ஆக்சைடைச் சிறிதளவு போட்டால் நுரைத்துப் பொங்கி, தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். மாங்கனீசு டை ஆக்சைடு வினையூக்கி மட்டுமே. வினை முடிந்த பிறகு வடிகட்டினால் போட்ட தூள் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

பாட்டிலில் "20 வால்யூம்" என்று போட்டிருக்கும். ஒரு மி.லி. கரைசல் முழுதாகச் சிதைந்தால் ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜன் தரும் என்பதே அதன் பொருள். ஆகவே 4 மி.லி. எடுத்தால் சுமார் 80 மி.லி. ஆக்சிஜன் வரும். 100 மி.லி. சிரிஞ்சில் பிடிக்க இது சரியான அளவு. அந்த 4 மி.லி.யோடு 46 மி.லி. தண்ணீர் சேர்த்து 50 மி.லி. ஆக்கிக் கூம்புக் குடுவையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். தூளைப் போட்டதும் அடைப்பானை மூடி, போக்குக் குழாய் வழியாக வரும் வாயுவைப் பெரிய சிரிஞ்சிலோ, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த அளவு ஜாடியிலோ பிடிக்கலாம். ஆக்சிஜன் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும் என்பதால் இரண்டாவது வழியிலும் பெரிய நஷ்டம் இல்லை. சலவைக்கல்லும் அமிலமும் சேர்ந்து தரும் கார்பன் டை ஆக்சைடு என்றால் கொஞ்சம் தண்ணீரிலேயே கரைந்து, அளவு குறைத்துக் காட்டும்.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று தோன்றலாம். பெராக்சைடு சிதையும்போது வெப்பம் வெளிவருகிறது. மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) சுமார் 98 கிலோஜூல். நாம் எடுத்த நீர்த்த கரைசலில் அந்த வெப்பம் வெப்பநிலையை 3 டிகிரி அளவுக்குத்தான் உயர்த்தும். 20 வால்யூம் கரைசலை அப்படியே பயன்படுத்தினால் 40 டிகிரி வரைகூட ஏற வாய்ப்புண்டு. வினை நடக்க நடக்கக் கரைசல் சூடாகி, சூட்டினால் வேகம் கூடி, வரைபடம் எதைக் காட்டுகிறது என்றே தெரியாமல் போய்விடும். பெராக்சைடு குறைவதால் என்ன ஆகிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டுமானால் வெப்பநிலை ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

இனி அளவீடுகள். கணக்குக்கு வசதியாக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

0 வினாடி: 0 மி.லி.
20 வினாடி: 23.5 மி.லி.
40 வினாடி: 40 மி.லி.
60 வினாடி: 51.5 மி.லி.
80 வினாடி: 60 மி.லி.
100 வினாடி: 66 மி.லி.
120 வினாடி: 70 மி.லி.
160 வினாடி: 75 மி.லி.
200 வினாடி: 77.5 மி.லி.
400 வினாடி: 80 மி.லி. (இதற்கு மேல் ஏறவில்லை)

நேரத்தைக் கிடை அச்சிலும் வாயுவின் கன அளவைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறியுங்கள். பிறகு அவற்றின் வழியே கை தடுமாறாமல் ஒரே வளைகோடாக வரையுங்கள். அடிக்கோலை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பது கூடாது. வினை நம் 20 வினாடிக் கணக்குக்காக நின்று திரும்பிப் போவதில்லை, அது தொடர்ந்து நடக்கிறது. ஏதாவது ஒரு புள்ளி கோட்டிலிருந்து சற்று விலகி நின்றால் அதை விட்டுவிட்டு வளைகோட்டை அதன் போக்கில் கொண்டுபோகலாம். முதல் அளவீட்டில் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம் வையுங்கள். அடைப்பானை மூடுவதற்குள் சிறிது வாயு தப்பிவிடும், மூடும் அழுத்தத்திலேயே உள்ளிருந்த காற்று கொஞ்சம் சிரிஞ்சுக்குள் போய்விடும்.

வளைகோடு இப்போது கண்முன் இருக்கிறது. ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போகச் சாய்ந்து, கடைசியில் 80 மி.லி. மட்டத்தில் படுத்துவிடுகிறது. வேகம் எங்கே இருக்கிறது? கோட்டின் உயரத்தில் இல்லை. இதுவரை எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே உயரம் சொல்லும். 400-ஆவது வினாடியில் உயரம்தான் உச்சம், வேகமோ பூஜ்யம். கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதில், அதாவது அதன் சாய்வில்தான் வேகம் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு கூடியது, அதைக் கூட்ட எவ்வளவு நேரம் பிடித்தது, முன்னதைப் பின்னதால் வகு: சாய்வு என்பது இவ்வளவுதான்.

முதலில் சராசரி வேகத்தைப் பார்ப்போம், அது எளிது. முதல் 40 வினாடிகளில் 40 மி.லி. வந்தது, ஆகச் சராசரி வினாடிக்கு 1 மி.லி. அடுத்த 40 வினாடிகளில் 40-லிருந்து 60-க்கு ஏறியது, சராசரி 0.5. அதற்கடுத்த 40 வினாடிகளில் 10 மி.லி.தான், சராசரி 0.25. வேகம் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

நம் மாணவர்கள் எழுதிய வினாடிக்கு 1 மி.லி. என்பது முதல் 40 வினாடிகளின் சராசரிதான். அந்த 40 வினாடிகளில் தொடக்கத்தில் வினை அதைவிட வேகமாக நடந்தது, முடிவில் அதைவிட மெதுவாக நடந்தது. 40-ஆவது வினாடியை எட்டும் அந்தக் கணத்தில் எவ்வளவு வேகம் என்று கேட்டால், அதற்கு முன் நடந்ததையெல்லாம் சேர்த்துச் சராசரி போடக் கூடாது. அந்தக் கணத்தை ஒட்டிய சிறு துண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

துண்டை எவ்வளவு சிறிதாக்கலாம்? 20-ஆவது வினாடிக்கும் 60-ஆவது வினாடிக்கும் நடுவில் 51.5-இல் 23.5 போக 28 மி.லி. கூடியிருக்கிறது. 40-ஆல் வகுத்தால் 0.70. 40-ஆவது வினாடி இதன் நட்ட நடுவில் இருப்பதால் இதுவே நல்ல மதிப்பீடு. துண்டை இன்னும் குறுக்கினால் இன்னும் நெருங்கலாம். குறுக்கிக்கொண்டே போய், துண்டு ஒரு புள்ளியாகவே சுருங்கிவிடும் நிலையில் அந்த இடத்தில் கோடு எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசையில் இழுத்த நேர்கோடுதான் தொடுகோடு. அதன் சாய்வே அந்தக் கணத்தின் வினைவேகம். வகையீடு படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். படிக்காதவர்களும் பயப்பட வேண்டாம், அடிக்கோலும் பென்சிலும் போதும்.

தொடுகோடு வரைவதில்தான் பலருக்கும் மதிப்பெண் போகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 40 வினாடிப் புள்ளியில் அடிக்கோலை வளைகோட்டை உரசியபடி வையுங்கள். கோல் வளைகோட்டை அந்தப் புள்ளியில் மட்டும் தொட வேண்டும், அந்தப் பக்கமாக வெட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. புள்ளிக்கு இடப்புறமும் வலப்புறமும் சம தூரத்தில், கோலுக்கும் வளைகோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகினால் கோலைச் சற்றுத் திருப்ப வேண்டும்.

கண்ணை நம்ப முடியவில்லையா? சின்னச் சட்டமில்லாத கண்ணாடித் துண்டு ஒன்று இருந்தால் அருமையான வழி உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியை வரைபடத்தாளின் மேல் செங்குத்தாக, வளைகோட்டைக் குறுக்கே வெட்டும்படி அந்தப் புள்ளியில் நிறுத்துங்கள். தாளில் உள்ள கோடும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் சேரும் இடத்தில் முதலில் ஒரு முறிவு தெரியும். கண்ணாடியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் முறிவு மறைந்து, கோடு கண்ணாடிக்குள்ளும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். அப்போது கண்ணாடியின் அடிவிளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுங்கள். அது வளைகோட்டுக்குச் செங்குத்து. அந்தக் கோட்டுக்கு 90 டிகிரியில் புள்ளி வழியே இன்னொரு கோடு போட்டால் அதுதான் தொடுகோடு. முறிவைக் கண்டுபிடிப்பதில் நம் கண் மிகவும் கூர்மையானது, அதனால்தான் இந்த முறை இவ்வளவு துல்லியமாக வருகிறது.

தொடுகோட்டை முடிந்தவரை நீளமாக, அச்சுகளைத் தொடும்வரை நீட்டுங்கள். நம் தொடுகோடு இடப்பக்கம் செங்குத்து அச்சை 12 மி.லி. அருகிலும், வலப்பக்கம் 80 மி.லி. மட்டத்தை 98 வினாடி அருகிலும் தொடும். ஆக, ஏற்றம் 80 கழித்தல் 12, அதாவது 68 மி.லி. எடுத்துக்கொண்ட நேரம் 98 வினாடி. 68-ஐ 98-ஆல் வகுத்தால் 0.69. முன்பு துண்டு வைத்துப் போட்ட 0.70-உடன் இது ஒத்துப்போகிறது. முக்கோணம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது அழகுக்காக இல்லை. அளவை வாசிக்கும்போது 1 மி.லி. தவறிவிட்டால், 68-இல் அது பெரிய விஷயமில்லை, 5 மி.லி. உயர முக்கோணத்தில் அதே தவறு விடையை 20 சதவீதம் புரட்டிப் போட்டுவிடும். இரண்டு புள்ளிகளையும் தொடுகோட்டின் மேல் எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். அட்டவணையிலிருந்து எடுத்தால் அது பழையபடி சராசரிதான்.

இதே மாதிரி 0 வினாடியில் தொடுகோடு போட்டால் அது 50 வினாடியில் 69 மி.லி.யைத் தொடும். தொடக்க வேகம் வினாடிக்கு 1.38 மி.லி. 80-ஆவது வினாடியில் போட்டால் 0.35 வரும்.

ஆய்வாளர்கள் தொடக்க வேகத்துக்குத் தனி மதிப்புக் கொடுப்பார்கள். குடுவைக்குள் எவ்வளவு செறிவு இருக்கிறது என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே கணம் அதுதான், ஏனென்றால் நாமே அளந்து ஊற்றியிருக்கிறோம். விளைபொருள்கள் சேர்ந்து குறுக்கிட இன்னும் நேரமாகவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை. கஷ்டம் என்னவென்றால், வளைகோடு மிக வேகமாக வளையும் இடமும் அளவீடு மிக மோசமாக இருக்கும் இடமும் அதுவேதான். முதல் 20 வினாடிச் சராசரியையே தொடக்க வேகம் என்று வைத்தால் 1.18 வரும், உண்மையைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதனால் தொடக்கத்தில் 5 அல்லது 10 வினாடிக்கு ஒருமுறை அளப்பது நல்லது, பின்னால் 40 வினாடிக்கு ஒருமுறை போதும்.

சரி, "வினாடிக்கு இத்தனை மி.லி." என்பதை வேதியியல் பாடத்தில் வரும் அலகுக்கு மாற்றுவது எப்படி? அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24,000 மி.லி. இடம் பிடிக்கும். 0.69-ஐ 24,000-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.0000288 மோல் ஆக்சிஜன். சமன்பாட்டில் 2 மூலக்கூறு பெராக்சைடு சிதைந்தால்தான் 1 மூலக்கூறு ஆக்சிஜன் வருகிறது, ஆகவே பெராக்சைடு அதன் இருமடங்கு வேகத்தில், வினாடிக்கு 0.0000575 மோல் என்ற கணக்கில் குறைகிறது. கரைசல் 50 மி.லி., அதாவது 0.05 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு, வினாடிக்கு 0.00115 மோல். அந்த இருமடங்கை மறந்துவிட்டால் விடை பாதியாகிவிடும். எந்தப் பொருளின் வேகம் என்று எழுதாமல் "வேகம்" என்று மட்டும் எழுதுவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். வினையின் வேகம் என்று பொதுவாகக் கேட்டால், பெராக்சைடு குறையும் வேகத்தை அதன் கெழுவான 2-ஆல் வகுத்துச் சொல்ல வேண்டும்.

செங்குத்து அச்சில் வாயுவுக்குப் பதில் மீதமுள்ள பெராக்சைடின் செறிவை வைத்தால் வளைகோடு மேலிருந்து கீழே இறங்கும், சாய்வு எதிர்க்குறியில் வரும். வேகம் என்பது எப்போதும் நேர்க்குறி எண், அதனால் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டுச் சரிசெய்கிறோம். வேறு மர்மம் எதுவும் அதில் இல்லை.

ஒரே தாளில் இரண்டு மூன்று வளைகோடுகளைக் கொடுத்து ஒப்பிடச் சொல்வார்கள். அங்கே இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: தொடக்கத்தில் எது செங்குத்தாக ஏறுகிறது, கடைசியில் எது எந்த உயரத்தில் நிற்கிறது. சிறந்த வினையூக்கி போட்டாலோ, கரைசலைச் சூடாக்கினாலோ, சலவைக்கல் துண்டுக்குப் பதில் தூள் போட்டாலோ கோடு செங்குத்தாக ஏறி, சீக்கிரமே படுத்துவிடும், ஆனால் நிற்கும் உயரம் மாறாது. எவ்வளவு வாயு வரும் என்பது எவ்வளவு வினைபடுபொருள் போட்டோம் என்பதைப் பொறுத்தது. நம் சோதனையில் 4 மி.லி. பெராக்சைடுக்குப் பதில் 8 மி.லி. எடுத்து, தண்ணீரைக் குறைத்து அதே 50 மி.லி. ஆக்கினால் இரண்டுமே மாறும்: தொடக்கச் சாய்வும் இரட்டிப்பாகும், இறுதி உயரமும் 160 மி.லி. ஆகும். வரைபடங்களின் அச்சு அளவு ஒன்றுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுத்திட்டத்தை மாற்றினால் மெதுவான வினைகூடத் தாளில் செங்குத்தாகத் தெரியும்.

எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. மூன்று தொடுகோடுகள் போட்டோம், மூன்று வேகங்கள் கிடைத்தன. ஒவ்வொரு கணத்திலும் சிதையாமல் எவ்வளவு பெராக்சைடு பாக்கி இருந்தது? இன்னும் வரவேண்டிய ஆக்சிஜனை வைத்து அதைச் சொல்லிவிடலாம். தொடக்கத்தில் 80 மி.லி. வரவேண்டியிருந்தது, வேகம் 1.38. 40-ஆவது வினாடியில் 40 மி.லி. பாக்கி, வேகம் 0.69. 80-ஆவது வினாடியில் 20 மி.லி. பாக்கி, வேகம் 0.35. பாக்கி பாதியானால் வேகமும் பாதி. பாக்கியைக் கிடை அச்சிலும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புதிதாக ஒரு வரைபடம் போட்டால், ஆதிப்புள்ளி வழியே போகும் நேர்கோடு கிடைக்கும். இதுதான் முதல்வகை வினையின் அடையாளம். அந்த நேர்கோட்டின் சாய்வு 0.0173. இதுவே இந்த வினைக்கு, இந்த வெப்பநிலையில், இந்த அளவு வினையூக்கியுடன், வினைவேக மாறிலி. வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்க, அதற்குள் மாறாமல் இருந்த எண்ணை வெளியே எடுத்துவிட்டோம்.

தொடுகோடே போடாமல் இதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பாக்கி 80-லிருந்து 40 ஆக 40 வினாடி, 40-லிருந்து 20 ஆக 40 வினாடி, 20-லிருந்து 10 ஆகவும் 40 வினாடி. பாதியாகும் நேரம், அதாவது அரைவாழ் காலம், ஒரே அளவில் இருந்தால் அது முதல்வகை வினை. 8 மி.லி. பெராக்சைடில் தொடங்கினாலும் அதே 40 வினாடிதான் வரும். 0.693-ஐ அரைவாழ் காலத்தால் வகுத்தால் மறுபடி 0.0173 கிடைக்கும். பாக்கியின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைவது மூன்றாவது வழி: 4.38, 3.69, 3.00, 2.30 என்று ஒவ்வொரு 40 வினாடிக்கும் ஏறக்குறைய 0.69 இறங்கும் நேர்கோடு வரும். வளைகோட்டில் தொடுகோடு போடுவதைவிட நேர்கோட்டின் சாய்வைக் காண்பது எளிது, தவறும் குறைவு. அதனால் தீவிரமான ஆய்வுகளில் இந்த வழியையே விரும்புவார்கள்.

இந்த உறவை முதன்முதலில் அளந்து காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் வில்ஹெல்மி, 1850-இல். அவர் எடுத்துக்கொண்டது சர்க்கரை. அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை மெதுவாகக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும். சர்க்கரைக் கரைசல் முனைவுற்ற ஒளியின் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியின்) தளத்தை வலப்பக்கம் திருப்பும், உடைந்த கலவையோ இடப்பக்கம் திருப்பும். ஆகவே குடுவையிலிருந்து ஒரு துளிகூட எடுக்காமல், ஒளி திரும்பும் கோணத்தை மட்டும் நேரத்தோடு குறித்துக்கொண்டே போக முடிந்தது. எந்தக் கணத்திலும் சர்க்கரை உடையும் வேகம் அப்போது மீதமிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று அவர் கண்டார். நாம் சிரிஞ்சும் பெராக்சைடும் வைத்துக் கண்ட அதே விஷயம்.

எல்லா வினைகளும் இப்படி வளைவதில்லை. அமிலம் கலந்த புரோப்பனோனில் (அசிட்டோன் என்றும் சொல்வார்கள்) அயோடின் சேர்த்தால், அயோடினின் பழுப்பு நிறம் மெல்ல மறையும். நிறத்தின் அடர்த்தியை நிறமானியால் அளந்து அயோடின் செறிவை வரைந்தால் வளைகோடு வராது. அயோடின் தீரும்வரை ஒரே சரிவில் இறங்கும் நேர்கோடு வரும், பிறகு சட்டென்று நின்றுவிடும். அயோடின் பாதியாகக் குறைந்தபோதும் வேகம் குறையவில்லை. அயோடினைப் பொறுத்தவரை இது பூஜ்ய வகை வினை. புரோப்பனோன் மூலக்கூறு அமிலத்தின் உதவியோடு தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதுதான் இந்த வினையில் மெதுவான படி. அயோடின் அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறது. மாறிய மூலக்கூறு தயாரானதும் அயோடின் உடனே பிடித்துக்கொள்கிறது, எவ்வளவு அயோடின் காத்திருந்தாலும் அந்த மெதுவான படியை அதனால் விரைவுபடுத்த முடியாது.